மருதின் வேர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒரு மண்வெட்டியோடு நெடுங்கேணிப் பக்கம் வந்து, இரண்டு உழவு இயந்திரம், ஓர் அரிசி ஆலை என்று நிமிர்ந்தவன். பிரதேச சபையின் சிறு குளத்துக்கு, போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் மண் ஏற்றிக் குளக்கட்டை உயர்த்தியதும் நான்தான். கட்டின் நடுவே நின்ற மருத மரத்தைத் தறித்தேன். மழை நெருங்கிவிட்டதால் வேரைத் தோண்டாமல் மண்ணால் மூடினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சென்ற ஆவணியில் குளங்களை வகைப்படுத்த ஓர் இளம் பெண் பொறியியலாளர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆபத்துக் கூடின வகை ஐயா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, நான் போட்ட மண். யானை ஏறினாலும் அசையாது."

"கட்டின்ர பலத்தை வைச்சு இந்த வகையைப் போடுறேல்லை. உடைஞ்சால் கீழ ஆர் இருக்கினம் எண்டதுதான். பழைய பதிவில வெறும் வயல். இப்ப எட்டு வீடு நிக்குது."

முதல் வீடு நான் மகளுக்குக் கட்டியது. அதைப் பார்த்துத்தான் மற்ற ஏழு குடும்பமும் அங்கே அத்திவாரம் வெட்டின.

வாயை அடக்கியிருக்கலாம். "மகளின்ர கிணத்தைப் பாருங்கோ, எந்தக் கோடைக்கும் வத்தாது" என்றேன்.

அவர் கிணற்றையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டுக்குள்ளால கசியுது போல. தெளிஞ்ச தண்ணியெண்டால் பொறுக்கலாம். கலங்கினால் கட்டின்ர மண்ணும் சேர்ந்து வருதெண்டு அர்த்தம். உடன வெளிக்கிடுங்கோ."

மாரி தொடங்கியதும் தினமும் விடிய ஒரு வாளி அள்ளிப் பார்த்தேன். "என்னப்பா, உங்கட கட்டுக்குக் காய்ச்சலோ?" என்று மகள் சிரித்தாள்.

கார்த்திகையில் ஒரு காலை வாளியின் அடி தெரியவில்லை.

சபைக்கு அறிவித்துவிட்டு உழவு இயந்திரத்தை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்தேன். மகள் பிள்ளைகளோடு ஏறினாள். அடுத்த வீட்டுக்காரர் பல் விளக்கியபடி நின்றார். "மழைக்குக் கிணறு கலங்கிறது புதினமே அண்ணை? யானை ஏறினாலும் அசையாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"உள்ளுக்கு மருதின்ர வேர் கிடக்கு. நான்தான் மூடினனான். இப்ப அது உக்கி, அந்த ஓட்டையால தண்ணி மண்ணை அரிச்சுக்கொண்டு வருது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, பிள்ளைகளை எழுப்ப உள்ளே ஓடினார். மற்ற ஆறு வாசலிலும் அதையே சொன்னேன்.

சபை ஆட்கள் துருசைத் திறந்து குளத்து நீரை இறக்கியதால் கட்டு தப்பியது. பெட்டியிலிருந்து இறங்கியபோது மகள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.