கூடையப் பாத்து நெம்பரு சொல்லச் சொன்ன கோதண்ட நைனா

வியாழக்கிழமை காலைல ஆறரைக்கு கோதண்ட நைனாவோட பொண்ணு வள்ளி அத்தகிட்ட இருந்து வாய்ஸ் நோட்டு. அவங்க எப்பவும் மத்தியானத்துக்கு மேலதான் அனுப்புவாங்க. வந்ததுமே எடுத்துக் கேட்டேன். "நைனா போயிட்டாரும்மா. ராத்திரி கஞ்சி குடிச்சாரு, படுத்தாரு, எந்திரிக்கல. ஒரு கஷ்டமும் படல. உன் குரூப்புல போட்டுடு." அவ்ளோதான். மூணு வாட்டி கேட்டுட்டு அப்புறம்தான் போட்டேன்.

நம்ம குரூப்புல பாதி பேரு கடப்பாக்கத்து ஆளுங்க, அவர தெனமும் பாத்தவங்க. மீதி பாதி, கொழந்தைக்கு வீட்லயே எண்ணு சொல்லிக் குடுக்க வழி தேடி என் வீடியோ பக்கம் வந்த அப்பா அம்மாங்க. உங்களுக்கு நைனாவ ஒரு நிமிஷ வீடியோலதான் தெரியும். ரெண்டு பேருக்கும் சேத்து எழுதறேன். முன்னாடியே சொல்லிடறேன், இது அழுவாச்சி போஸ்ட் இல்ல. அந்த மனுஷன் ஜெயிச்சவரு. ஜெயிச்ச மாதிரியேதான் சொல்லப் போறேன்.

நான் அவர மொதல்ல பாத்தது கடப்பாக்கம் பஸ் ஸ்டாப் டீக்கடைல. ஆலம்பரை கோட்டையப் பாத்துட்டு எங்கண்ணன் பொண்ணு தியாவோட பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன். அவளுக்கு அப்ப நாலு வயசு. கடை பாட்டில்ல இருந்த பொறை பிஸ்கட்ட காட்டி "எவ்ளோ இருக்கு?"ன்னு கேட்டா. நான் கண்ணாடிமேல வெரல வெச்சு ஒன்னு, ரெண்டுன்னு ஆரம்பிச்சேன். பெஞ்சுல ஒரு பெரியவரு, பக்கத்துல ஒரு கம்பு, ஒரு கால் மட்டும் நீட்டுன வாக்குல.

"இன்னாம்மா, கொழந்த கேட்டா நீ எண்ணிகினு கீற? அதக் கேளு."

"அதுக்கு இருவது வரைக்கும்தான் எண்ணத் தெரியும்ங்க."

"எண்ணத்தான தெரியாது. பாக்கத் தெரியுமில்ல? ஏ குட்டி, ஒரு நெம்பரு சொல்லு."

"நூறு!"

"அடேங்கப்பா, ரொம்ப தூரம் போயிட்ட. திரும்பி நடந்து வா."

"பத்து!"

"இப்ப என்னையும் தாண்டி அந்தாண்ட போயிட்டியே!"

தியா விழுந்து விழுந்து சிரிச்சா. கடைக்காரரு டீய ஆத்திகினே, "நைனா ஆரம்பிச்சிட்டாரு, உங்க பஸ்ஸு போச்சு"ன்னாரு. நெஜமாவே போச்சு. அதுக்கப்புறம்தான் ஒரு விஷயம் எனக்கு உறைச்சுது. அவ்ளோ நேரத்துல அவரு 'தப்பு'ன்னு ஒரு வாட்டி கூட சொல்லல. தூரம், கிட்ட. அவர்கிட்ட இருந்தது அந்த ரெண்டு வார்த்ததான்.

அப்புறம் ஞாயித்துக்கெழம ஆனா மதுராந்தகத்துல இருந்து அவரப் பாக்க கெளம்பிடுவேன். அவரும் வள்ளி அத்தையும் மாத்தி மாத்தி சொல்லுவாங்க, நடுவுல சண்டையும் போட்டுக்குவாங்க. இனிமே சொல்றது அப்படிக் கேட்டதுதான்.

எழுபதுகள்ல நடந்தது. நைனாவுக்கு முப்பது வயசு இருக்கும். அலைல கட்டுமரம் பொரண்டு முட்டி மேல ஏறிடுச்சு. உயிர் பொழைச்சாரு, ஆனா கால் மடங்கல. கடலுக்கு போவ முடியாது. அவரு சம்சாரம் பட்டம்மா கூடையத் தூக்குனாங்க. கரையில மீன் எடுத்து, காலைல மொத பஸ்ல மதுராந்தகம் போயி வித்துட்டு சாயங்காலம் திரும்புவாங்க. வீட்ல ரெண்டு பொண்ணுங்களோட நைனா. பொங்கறது, தலை வாரி வுடறது எல்லாம் அவருதான். அந்தக் காலத்துல, அந்தக் குப்பத்துல, ஒரு ஆம்பள! கரைக்கு போறவங்க சும்மா போவாங்களா?

"இன்னா கோதண்டம், கொழம்பு கொதிச்சிடுச்சா?"

"கொதிச்சிகினு கீது மச்சான், உப்பு பாத்துட்டு போ."

அப்படி சிரிச்சுகினே சொல்லிட்டு உள்ள வந்து கதவ சாத்திக்குவாராம். கரைப் பக்கமே போவ மாட்டாராம். இது வள்ளி அத்த சொன்னது. அவரு இத என்கிட்ட சொன்னதே இல்ல.

வள்ளி அத்த சின்னவங்க. ஒன்னாங்கிளாஸ்ல ரெண்டாவது வருஷம். பன்னெண்டுக்கு அப்புறம் பதினஞ்சு, அதுக்கப்புறம் பதிமூணுன்னு எண்ணுவாங்களாம். வாத்தியாரு பட்டம்மாவ கூப்ட்டு, "உங்க பொண்ணுக்கு எண்ணே ஏறல"ன்னு சொல்லிட்டாரு. மூத்த பொண்ணு ஏற்கெனவே படிப்ப நிறுத்திட்டு கருவாடு காய வெச்சுகினு இருந்தா. பட்டம்மா கெட்டவங்க இல்ல. ரெண்டு ஆள் வேலைய ஒரு ஆளா பாத்தவங்க. அவங்க சொன்னது இதுதான்: "பொங்கல் வரிக்கும் பாப்பேன். அதுக்குள்ள எண்ணு வரலன்னா அக்காகூட கருவாட்டுக்கு வரட்டும்."

நைனா அன்னிலேர்ந்து தூங்கல.

இங்கதான் பட்டம்மாவோட ரூல் ஒன்னு நடுவுல வருது. போணி ஆவறதுக்கு முன்னாடி, அதாவது மொத வியாபாரம் நடக்கறதுக்கு முன்னாடி, கூடை மீன எண்ணக் கூடாது. எண்ணுனா விக்காதாம். ஒரு காலைல வள்ளி வெரல நீட்டி காணாங்கத்த மீன எண்ணப் போச்சு. பட்டுன்னு கையில ஒன்னு வெச்சாங்க.

"ஏய்! போணி ஆவாத மீன எண்ணாத!"

நைனா அடுப்புகிட்ட இருந்தே கேட்டாரு. "எண்ண வேணாம் பட்டு. பாக்கலாமில்ல?"

"பாத்து?"

"பாத்துட்டு ஒரு நெம்பரு சொல்லும். நீ சாயங்காலம் வந்து எத்தினி வித்தன்னு சொல்லு. வித்தப்புறம் எண்ணுனா ஒன்னும் ஆவாதே?"

பட்டம்மா முறைச்சாங்க. ஆனா கூடைத் துணிய ஒரு தடவ தூக்கிக் காட்டிட்டு மூடுனாங்க.

"எத்தினி வள்ளி?"

"தெரியாது நைனா."

"தெரியாதுன்னு ஒரு நெம்பரு கெடையாது. வேற சொல்லு."

"இருவது."

அன்னிக்கு வித்தது நாப்பத்தி ஆறு. அடுத்த நாள் அவங்க சொன்னது நாப்பது. அந்த மாதிரி தெனமும். மக்களே, இதுல இருக்குற அழக பாருங்க! காலைல நெம்பரு சொல்லிட்டு சாயங்காலம் வரைக்கும் காத்துகினு இருக்கணும். பகல் முழுக்க அந்த நெம்பரு கொழந்த மண்டையிலயே ஓடும். அதுக்கு நடுவுல வேற ஆட்டம். கஞ்சி ஆறதுக்குள்ள எத்தினி அலை வரும்? ஒரு கொட்டாங்குச்சி ரொம்ப எத்தினி கை மணலு? தெருவுல இருந்த பசங்கல்லாம் ஒட்டிக்கிச்சுங்க. சாயங்காலமானா நைனா கம்ப ஊனிகினு முன்னாடி, பசங்க பின்னாடி, எல்லாம் பஸ் ஸ்டாப்புக்கு. பட்டம்மா பஸ்ஸ வுட்டு எறங்கறதுக்குள்ள "எத்தினி, எத்தினி"ன்னு கத்துமாம். கண்டக்டரு, "ஏம்மா, நீ மீன் விக்க போறியா, பரீட்ச ரிசல்ட்டு கொண்டாறியா?"ன்னு கேட்டாராம்.

நடுவுல ஒரு நாள் எல்லாம் கவுந்துச்சு. ஸ்கூல்ல வாத்தியாரு ஏழும் அஞ்சும் எத்தினின்னு கேட்டிருக்காரு. வள்ளி கெத்தா எந்திரிச்சு, "பத்துக்கு கிட்ட கீது சார்." கிளாஸே சிரிச்சுது. வாத்தியாரு காதத் திருவி, "கிட்டல்லாம் வேணாம், எத்தினின்னு சொல்லு"ன்னாரு. சொல்லத் தெரியல. வூட்டுக்கு வந்து நைனா மேல பாஞ்சிடுச்சு. "உன் ஆட்டத்தாலதான் அடி வாங்கனேன்! இனிமே ஆட மாட்டேன் போ!"

அன்னிக்கு ராத்திரி அவரு யோசிச்சத எனக்கு அப்படியே சொன்னாரு: "நான் பாதி ஆட்டம்தாம்மா சொல்லிக் குடுத்துகினு இருந்தேன். மதிப்பு போட்டா வூட்டு வாசல் வரிக்கும் போயிடலாம். உள்ள போறதுக்கு எண்ணித்தான் ஆவணும்."

அதனால மறுநாள் ஆட்டத்த மாத்துனாரு. பட்டம்மா மீன அஞ்சஞ்சா கூறு போட்டு விப்பாங்க. "இனிமே மொத்தம் சொல்லாத பட்டு. எத்தினி கூறு, மிச்சம் எத்தினின்னு மட்டும் சொல்லு." ஒரு துணிப்பை நெறைய புளியங்கொட்ட. பஸ் ஸ்டாப்பு மணல்ல வள்ளி அஞ்சஞ்சா வெச்சு எண்ணி மொத்தத்த கண்டுபுடிக்கணும். அப்புறம் காலைல சொன்ன நெம்பருல இருந்து எவ்ளோ தூரம்னு பாக்கணும். மொதல்ல பதிமூணு வந்தாலே தடுக்கி வுழுந்துச்சு. அப்புறம் நடந்துச்சு. மார்கழி முடியப் போறப்ப தூரம் ரெண்டு, மூணுன்னு கொறைஞ்சு போச்சு. ஆனாலும் பட்டம்மா வெச்ச கெடு மாறல. பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு.

அந்த நாள் வந்துச்சு. காலைல கூடையப் பாத்துட்டு வள்ளி சொன்னது எழுவத்தஞ்சு. எதிர் வூட்டு செல்வம் அறுவத்தஞ்சு. சாயங்காலம் பஸ் வந்து நின்னுது. டிரைவரும் கண்டக்டரும் டீக்கு போனாங்க. பட்டம்மா பஸ்ஸு மேல இருந்து கூடைய எறக்கிட்டு, அப்படியே தரையில குந்திகினு, "பதிமூணு கூறு. மிச்சம் மூணு"ன்னாங்க.

வள்ளி கொட்டைய வெச்சுது. அறுவத்தெட்டு. செல்வம் குதிக்கறான், "நான்தான் கிட்ட! நான்தான் கிட்ட!" வள்ளி எந்திரிக்கல. கலைச்சுட்டு மறுபடி வெச்சுது. அறுவத்தெட்டுதான்.

"அம்மா, ஒரு கூறு கொறையுது."

"இன்னாடி கொறையுது? வித்தது நானா நீயா?"

"நான் ஏழு தூரம் போவ மாட்டேம்மா. இப்பல்லாம் ரெண்டு, மூணுதான் போறேன்."

"தோத்துட்டா! தோத்துட்டு அழுவறா!"ன்னான் செல்வம்.

அழுவல. நைனா அத அழுத்திச் சொல்லுவாரு. "எனக்கே டவுட்டும்மா. கூட்டுனது ஒயுங்காத்தான் கூட்டுச்சு. ஆனா அவ மூஞ்சில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கூடையவே பாத்துகினு இருந்தா." பாத்துட்டு வள்ளி ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு.

"நாம துன்ற கூறு எங்கம்மா?"

பட்டம்மா கை தானா மடிக்குப் போச்சு. தெனமும் வூட்டுக்குன்னு ஒரு கூற எலையில கட்டி எடுத்தாருவாங்க, அதையும் சேத்துதான் கணக்கு சொல்லுவாங்க; அன்னிக்கு ரெண்டையும் மறந்துட்டாங்க. "அய்யய்யோ! சீட்டுக்கு அடியில வெச்சேன்!"

அதே நேரத்துல பஸ்ஸு ஸ்டார்ட் ஆயிடுச்சு! பட்டம்மா கத்தறாங்க, பசங்க கத்துதுங்க, ஒன்னும் கேக்கல. கரைப் பக்கமே தல காட்டாம இருந்த நைனா, மடங்காத கால இழுத்துகினு, கம்பத் தூக்கிகினு, பஸ்ஸுக்கு நேர் முன்னாடி போயி நின்னுட்டாரு. "ஓல்டான்! ஓல்டான்!"

கண்டக்டரு எட்டிப் பாத்து, வெஷயத்தக் கேட்டுட்டு, "யோவ், அஞ்சு மீனுக்கா பஸ்ஸ மறிக்கற?"

"மீனுக்கு இல்லபா! கணக்குக்கு!"

வள்ளி பஸ்ல ஏறி, சீட்டுக்கு அடியில பூந்து, எலைப் பொட்டலத்தோட எறங்குச்சு. பிரிச்சா அஞ்சு காணாங்கத்த. அஞ்சு கொட்டைய தனியா வெச்சு, "எழுவத்தி மூணு. ரெண்டு தூரம்"னுச்சு. டீக்கடைல இருந்த ஆளுங்க, கொழம்பு கொதிச்சுதான்னு கேட்டுகினு இருந்த அதே ஆளுங்க, விசில் அடிச்சாங்களாம். நைனா கம்ப கீழ போட்டுட்டு பொண்ணத் தோள்ல தூக்கிட்டாரு. நடக்க முடியல, அதனால அங்கயே நின்னாரு. "நின்னேம்மா, ஆனா நல்லா நின்னேன்"னு சொல்லி சிரிப்பாரு.

வூட்டுக்கு வந்து மீன் ஆஞ்சுகினே பட்டம்மா யாரையும் பாக்காம சொன்னாங்க: "பொங்கலுக்கு இவளுக்கு புதுப் பாவாட எடுக்கணும். அக்காவோட பழசப் போட்டுகினு இஸ்கூலுக்கு போனா நல்லாவா கீது?"

அவ்ளோதான் தீர்ப்பு. நைனா எந்திரிச்சு வெளிய போயிட்டாராம். கண்ணத் தொடைக்க.

மறுநாள் விடியல கூடைய சுத்தி தெருவே நின்னுச்சு. விசில் அடிச்ச ஆளுங்க, "நைனா, இதையும் சேத்துக்கோ"ன்னு அவங்கவங்க புள்ளைங்கள கொண்டாந்து வுட்டுட்டாங்க. அவரு பொண்ணுங்க மட்டும் அப்பாவ கூப்ட்டுகினு இருந்த 'நைனா' அன்னிலேர்ந்துதான் ஊருக்கே நைனா. பட்டம்மா துணிய தூக்கறதுக்கு முன்னாடி, "போணிக்கு முன்ன எவனாவது வெரல நீட்டுனா ஒடிச்சிடுவேன்"னாங்களாம். கத வாத்தியாரு காதுக்கும் போச்சு. நல்ல மனுஷன், கேட்டு சிரிச்சுட்டு, கிளாஸ்ல கணக்கு போடறதுக்கு முன்னாடி "மொதல்ல கிட்ட சொல்லுங்க, அப்பால எண்ணலாம்"னு ஆரம்பிச்சுட்டாராம்.

நான் ஒரு வாட்டி இந்தக் கதைய வீடியோவாக்கி, மேல 'கணித மேதை'ன்னு பெருசா போட்டேன். நைனாகிட்ட காட்டுனா செம திட்டு. "எடும்மா அத! மேதையாம். கால் ஒடைஞ்சி புள்ளைங்களோட குந்திகினு வெளாண்டவன்னு போடு. அதான் நெஜம்." மாத்துனேன்.

வள்ளி அத்த படிச்சாங்க. நர்ஸா வேலை பாத்து செங்கல்பட்டுல ரிட்டையர் ஆனாங்க. டிரிப் பாட்டில ஒரு பார்வ பாத்துட்டு எப்ப முடியும்னு சொல்லுவாங்களாம். கூட வேலை பாத்தவங்க கடிகாரத்த வெச்சுகினு பந்தயம் கட்டுவாங்களாம். பட்டம்மா போயி ரொம்ப வருஷம் ஆச்சு. நேத்து அடக்கத்துக்கு கடப்பாக்கமே வந்திருந்துச்சு. செல்வம் மாமா இப்ப பேரன் எடுத்தவரு. என்கிட்ட வந்து, "அன்னிக்கு நான்தாம்மா தோத்தேன்"னு சொல்லிட்டு சத்தமா சிரிச்சாரு. சாவு வீட்ல அந்த சிரிப்பு யாருக்கும் தப்பா படல.

உங்கள மாதிரி நானும் எல்லாத்தையும் போன்ல கத்துகிட்ட ஆளுதான். எதக் கேட்டாலும் ஒரு செகண்ட்ல பதில் வரும். அது வந்த ஒடனே நான் நெனச்சிருந்தத தூக்கிப் போட்டுடுவேன். நைனாகிட்ட இருந்து நான் எடுத்து வெச்சுக்கறது ஒன்னே ஒன்னு. ஆறு வயசுல ஒரு பொண்ணு, பெத்த அம்மா சொன்ன கணக்குக்கு எதிர்ல, பசங்க கேலி பண்ண, மணல்ல குந்திகினு, காலைல தன் கண்ணால பாத்தத வுடாம புடிச்சுகினு இருந்துச்சே, அந்தத் திமிரு. அதக் கொழந்தைக்குக் குடுக்க முடியும்னு காட்டிட்டுப் போயிருக்காரு, எங்க நைனா.