ஓடு போட்ட டிஸ்க்

மேற்குத் தாம்பரத்துப் பொன்னுரங்கத்துக்கு ஏழு வாடகை வீடுகள். வாடகை போனிலேயே வந்துவிடுவதால் குடியிருப்பவர்களின் முகம்கூட அவருக்குத் தெரியாது. அவர்களைக் கண்காணிக்கத்தான் கேமரா வைத்தார். அதற்கு ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்குப் போனவர், எதையும் துருவித் துருவிக் கேட்காமல் வாங்குகிற ஆள் இல்லை.

"இந்த ரெண்டு டிஸ்க்குக்கும் இன்னாம்மா வித்தியாசம்?"

விற்பனைப் பெண் ஈவ்லின் பொறுமையாக விளக்கினாள். "இது சிஎம்ஆர் சார். பதிவெல்லாம் தனித்தனி வரிசையா இருக்கும். அது எஸ்எம்ஆர். கூரை ஓடு மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கும். ஒண்ணை மாத்தணும்னா பக்கத்துல இருக்கறதையும் மாத்தி எழுதணும், அதனால ஸ்லோ."

"ஓடா? மழை பேஞ்சா ஒழுவும்மா. நம்பி ஒரு சாமான் வைக்க முடியுமா?"

"தெரியும் சார்," என்றாள் ஈவ்லின். "மூணு வருஷமா உங்க ஓட்டு வீட்லதான் இருக்கோம்."