ஓவர்பிரிட்ஜ் ஏறி இறங்கினதும் லெஃப்ட்

போன வாரம் வரை ஒரு விஷயத்தைத் தீர்மானமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஃப்ளைஓவர், ஓவர்பிரிட்ஜ் - இரண்டும் ஒன்றுதான். ஓவர்பிரிட்ஜ் என்றால் கொஞ்சம் கெத்தாக இருக்கும், அவ்வளவே.

இந்தக் கெத்து என் பெண்ணின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அவள், கூட வேலை பார்க்கும் பையனை விரும்புகிறாள். பையனின் அப்பாவுக்கு அரை மனசு. ‘வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். போனில் வழி கேட்டார். வருங்கால சம்பந்தியிடம் சாதாரணமாகப் பேச முடியுமா? “வண்டலூர் ஓவர்பிரிட்ஜ் ஏறி இறங்கினதும் லெஃப்ட்” என்றேன். பெண் லொகேஷன் அனுப்பட்டுமா என்று கேட்டாள். நான் சொன்ன பிறகு மேப் எதற்கு?

காத்திருந்தோம். பஜ்ஜி ஆறியது. அவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரே வரி...

‘நாங்க திரும்பிப் போறோம்.’

போனில் என்ன உளறித் தொலைத்தீர்கள் என்று மனைவி ஆரம்பித்தாள். நானும் யோசித்தேன். ‘சார்’ என்று கூப்பிட்டது பிடிக்கவில்லையோ? தெருமுனை வரை வந்து, பெயிண்ட் உரிந்து நிற்கும் எங்கள் காம்பவுண்டு சுவரைப் பார்த்து மிரண்டுவிட்டார்களோ? ஆபீஸில் வேறு நல்ல பையன் யாராவது இருக்கிறானா என்று பெண்ணிடம் மெதுவாக விசாரித்தேன். முறைத்துவிட்டு, பையனுக்கே போன் போட்டாள். பேசப் பேச அவள் தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறாள் என்று தண்ணீர் எடுக்க ஓடினேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியதும் பையனின் அப்பா கேட்டார்: “என்ன சார், ரயில் லைனைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டீங்க? கீழ ரயில் போனாத்தான் ஓவர்பிரிட்ஜ். ரோடு போனா ஃப்ளைஓவர். உங்க வீடு ஃப்ளைஓவர் பக்கம்ல இருக்கு.”

“தமிழ்ல ரெண்டும் மேம்பாலம்தானே சார்...”

“அப்படியே சொல்லியிருந்தா, எந்த மேம்பாலம்னு நான் கேட்டிருப்பேன்ல?”

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். போனில் ஒருமுறைகூடச் சிரிக்காத மனிதர்.

அவர்கள் திரும்பிப் போனது உண்மைதான். ஏறிய பாலத்திலேயே மறுபடி ஏறி, எங்கள் வீட்டைத் தேடி.

தை மாதம் கல்யாணம்.