சிவப்புக் கோடு விழுந்த பெயர்கள்

பகல் பதினொன்று இருபதுக்குப் போன் வந்தபோது, லிஃப்ட் மெக்கானிக் மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார். பேசியவர் மூடிப்போன நூற்பாலையின் பழைய எழுத்தர்.

மெக்கானிக்குக் கிலி பிடித்து ஒரு வருடமாகிறது. அப்பா நாற்பத்தொன்பதில் மாரடைப்பால் போனார். வம்சாவளி தேடக் கிளம்பிய மெக்கானிக், முன்னோர் வேலை பார்த்த அந்த ஆலையின் பதிவேட்டில் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள்மேல் சிவப்புக் கோடு கண்டார். இருவருக்கும் அப்போது வயது நாற்பத்தொன்பது. அவர் தொழிலில், சர்வீஸ் அட்டையில் சிவப்புக் கோடு விழுந்த லிஃப்ட் மறுபடி ஓடாது. அதனால் கோடு என்றால் சாவு என்றே முடிவு செய்தார், வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் அவருக்கும் நாற்பத்தொன்பது. லிஃப்ட் கதவு மூடினாலே மூச்சு முட்டியது. பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நெஞ்சு அடைத்தபோதும் டாக்டரிடம் போகவில்லை.

"ஊரையே மேல ஏத்தி விடுற ஆளு, நீ மட்டும் முன்கூட்டியே மேல போக டிக்கெட் எடுத்துட்டியா?" என்றாள் தங்கை. "கோடு போட்டவங்களக் கேட்டியாண்ணே?" எழுத்தரைத் தேடிப்பிடித்து விவரம் சொன்னதும் அவள்தான்.

"சிவப்புன்னா சாவு இல்ல தம்பி," என்றார் எழுத்தர். "அம்பது ஆகுறதுக்குள்ள ஆள மெஷின்லேர்ந்து எடுத்துக் கிடங்குக்கு அனுப்பிடுவாங்க, பேர்ல கோடு விழும். அங்க பதிவேடு தனி. உங்க தாத்தா அதுல பன்னெண்டு வருஷம் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"கொள்ளுத்தாத்தா, ஐயா?"

"அந்தப் பக்கத்தக் கரையான் தின்னுடுச்சு. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

போனை வைத்ததும் மெக்கானிக்குக்கு வேறொரு பயம் வந்தது. விதி என்று கிடந்த வரைக்கும் செய்ய ஒன்றுமில்லை. இப்போது மறுபடி நெஞ்சு அடைத்தால் அது என்னவென்று கேட்டாக வேண்டும். தங்கையை அழைத்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட வர்றியாம்மா? தனியாப் போகப் பயமா இருக்கு."

"வரேன். நீ இப்ப படியில இறங்காத. லிஃப்ட்ல இறங்கு."

இறங்கினார், கண்ணை மூடிக்கொண்டு.

மாலையில் வம்சாவளித் தாளை விரித்தார். தாத்தாவின் கட்டத்தில் இறந்த வருடத்தை அழித்தார். கொள்ளுத்தாத்தாவுக்குக் கேள்விக்குறி போட்டார். அப்பாவுடையதைத் தொடவில்லை, அது கண்ணால் பார்த்தது. கடைசியாகத் தன் கட்டம். அங்கே 'இறப்பு' என்ற இடத்தில் அவரே பென்சிலால் அடுத்த வருடத்தை எழுதி வைத்திருந்தார். ரப்பரை வைத்துத் தேய்த்தார். முதல் இரண்டு இலக்கங்கள் போயின; மீதியை டாக்டர் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தினார். கடைசி இரண்டும் இன்னும் தாளில் இருக்கின்றன.