ஜீப்புக்குக் கட்டிய திரை

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் பத்து நாளாக ஒரே பேச்சு, ஜீப் வாங்குவதா, கார் வாங்குவதா என்று.

என் வீட்டுக்காரருக்குச் சவுக்கு வியாபாரம். கடற்கரையோரத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, மரத்தை வெட்டி, விறகாக்கிப் பட்டணத்துக்கு அனுப்புவார். அந்தத் தோப்புகளுக்கெல்லாம் ரோடு கிடையாது, வெறும் மணல். பாதி தூரம் சைக்கிளில் போவார், மீதி தூரம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். வியாபாரம் கொஞ்சம் தலையெடுத்ததும் வண்டி வாங்கும் ஆசை வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் ஏலத்தில் எடுத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டி வைத்திருந்தார். அவரும் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர்தான். என் வீட்டுக்காரர் ஒரு தடவை அதில் உட்கார்ந்து பார்த்தார். அன்றிலிருந்து சாப்பிடும்போதுகூட ஜீப்தான்.

எனக்கு அதைக் கண்டாலே பிடிக்கவில்லை. கதவு கிடையாது. ஸ்டியரிங் இடது பக்கம். தலைக்குமேல் ஒரு கித்தான், மற்றபடி நாலு பக்கமும் திறந்த வீடு. நாங்களோ கோஷா வீட்டுப் பெண்கள், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மாட்டு வண்டிக்காவது கூண்டும் திரையும் உண்டு. இதில் ஏறிக் கடைத்தெரு வழியாகப் போனால் ஊரே வேடிக்கை பார்க்கும். நாலு கதவும் கண்ணாடியும் உள்ள பழைய கார் ஒன்றும் விலைக்கு வந்திருந்தது. எனக்கு அதுதான் வேண்டும்.

"கார் மணல்ல இறங்காது. வாங்கி வூட்டு வாசல்ல நிறுத்தி வெச்சுப் பாத்துகினே இருக்க வேண்டியதுதான்" என்றார் அவர்.

"அப்போ ஜீப்பை உங்களுக்கு மட்டும் வாங்கிக்குங்க. நாங்க எப்பவும்போல மாட்டு வண்டியிலயே போறோம்" என்றேன்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வண்டி வாங்குவதே வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். மெக்கானிக்கிடம் ஒரு நாளைக்கு ஜீப்பைக் கேட்டு வாங்கி, கோவளத்தில் என் அம்மா வீட்டுக்கு என்னை அழைத்துப் போவது. திரும்பி வந்து நான் சொல்வதுதான் முடிவு. "நீ வேணாம்னா வேணாம். காரையே வாங்கிக்கலாம்" என்றார். சொன்ன சொல் மாறாத மனிதர். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நான் முடிவை முன்பே எடுத்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

என்னோடு என் ஓரகத்தியும் வந்தாள். என் கொழுந்தனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. எங்கள் குடும்ப வழக்கப்படி புருஷனின் அண்ணன் முன்னால் அவள் வரமாட்டாள். அவரும் அவள் இருக்கும் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். ஒரே வீட்டில் இருந்தும் அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை. ஆகவே ஜீப்பில் சுற்றிலும் திரை கட்டினால் மட்டும் போதாது, ஓட்டுகிற ஆளுக்கும் பின்னால் இருக்கும் எங்களுக்கும் நடுவிலும் ஒரு திரை வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் மெக்கானிக் வாசலில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, கம்பிகளைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம்தான் நின்றேன். "செவுத்துல கூட ஏறும் பாய்" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் ஆண்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

விடியற்காலையில் திரை கட்டும் வேலையை நானே செய்தேன். பக்கங்களுக்கு ஜமக்காளம், நடுவில் கனமான கறுப்புத் துணி. மேலே கட்டியது சரியாக நின்றது, அடிப்பக்கம்தான் பறந்தது. குனிந்து கையால் துழாவினேன். முன் சீட்டுகளுக்கு நடுவே தரையிலிருந்து இரண்டு குட்டைக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கயிறு கட்டுவதற்கென்றே நட்டு வைத்ததுபோல இருந்தது. துணியின் நுனியை அந்த இரண்டு கம்பியிலும் சேர்த்துச் சுற்றி, கயிற்றை முன் சீட்டின் முன்காலைச் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் சீட்டின் காலுக்கு இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டேன். நான் முடிச்சுப் போட்டால் லேசில் அவிழாது என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் வரைக்கும் பயணம் சுகமாகத்தான் இருந்தது. ஓரகத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் என்மேல் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தீர்ப்புச் சொல்லப்போகிறவள் முதலிலேயே பல்லைக் காட்டினால் நன்றாக இருக்காது.

மகாபலிபுரத்துக்கு அப்புறம் அவர் திருப்போரூர் வழியாகச் சுற்றிப் போகாமல் வண்டியை நேரே கடற்கரையில் இறக்கினார். அலை வந்துபோன ஈர மணல் தரைபோல இறுகிக் கிடந்தது. ஜீப் பறந்தது. ஜமக்காளத்தை விலக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்கு. காற்று முகத்தில் அடித்தது. கல்யாணமானதிலிருந்து அப்படிக் காற்று என் முகத்தில் பட்டதில்லை. இதையும் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு மீனவக் குப்பத்தை நெருங்கும்போது மணலில் வலையைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். அதன்மேல் ஏற்றக் கூடாதே என்று அவர் கடல் பக்கமாக ஒடித்தார். அங்கே மணல் சேறுபோல இளகிக் கிடந்தது. பின்சக்கரம் இரண்டும் புதைந்தன. அவர் முடுக்க முடுக்க மணல் பின்னால் வாரி இறைந்தது, வண்டி இன்னும் கொஞ்சம் கீழே போனது. அடுத்த அலை ஒன்று வண்டிக்கு அடியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

குப்பத்திலிருந்து ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். "இன்னா பாய், கடலுக்குள்ளாறயே ஓட்டிகினு பூடலாம்னு பாத்தியா?" என்று ஒருவர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் திரைத்துணிக்குள் கையை விட்டு எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் இழுத்தார், பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். கடைசியில் சோர்ந்துபோய் அவர்களிடம் சொன்னார்: "இந்த ரெண்டு கம்பியையும் இழுத்தாத்தான் முன்சக்கரமும் சேந்து சுத்தும். அசையவே மாட்டேங்குது. அந்த மெக்கானிக் ஓட்டை வண்டியை என் தலையில கட்டப் பாத்துகீறான்."

நான் கீழே பார்த்தேன். அவர் இழுக்கும்போதெல்லாம் என் காலடியில் கயிறு விண்ணென்று அதிர்ந்தது. என் இரட்டை முடிச்சு அசையாமல் உட்கார்ந்திருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் தம்பி மனைவி இருப்பதால் அவர் அதை விலக்கிப் பார்க்கமாட்டார். செத்தாலும் பார்க்கமாட்டார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொன்னால் ஜீப், சொல்லாவிட்டால் கார். நான் வாயைத் திறக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஓட்டை வண்டி என்று அவரே சொல்லியாகிவிட்டது. நான் வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும். உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் தள்ளினார்கள். கோஷா வீட்டுப் பெண்கள், அந்நிய ஆண்கள் மத்தியில் இறங்கவேண்டாம் என்று எங்களை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார் அவர். நாங்கள் இரண்டு பேரும், அம்மாவுக்கென்று எடுத்து வந்த அரிசி மூட்டையும் உள்ளே இருக்க, எங்களையும் சேர்த்துத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. இரண்டாவது தடவை தள்ளியபோது ஒருவர் வழுக்கி முகம் குப்புற விழுந்தார். எழுந்து வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு மறுபடி வந்து தோள் கொடுத்தார். மூன்றாவது தடவையும் ஆயிற்று.

"அக்கா, தண்ணி சக்கரத்துல மோதுது" என்றாள் ஓரகத்தி. அவள் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

ஜமக்காளத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். விழுந்து எழுந்தாரே, அவர் கொஞ்சம் தள்ளிக் கரையில் நின்ற கட்டுமரத்திடம் போனார். கடலுக்குப் போகத் தயாராகக் கட்டி நிறுத்திய மரம் அது. அதன் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இன்னாடா, போற மரத்தைப் போய் அவுக்கிற?" என்று இன்னொருவர் கத்தினார்.

"சக்கரத்துக்குக் கீழே கட்டை குடுத்தாத்தான் ஏறும். நான் நாளைக்குப் போய்க்கிறேன். பொம்பளைங்க உள்ள குந்திகினு கீறாங்க, தண்ணி ஏறுது பாரு."

எனக்கு அப்படியே உடம்பு கூசிப்போனது. யாரோ ஒரு மனிதர், என் பேர் தெரியாது, முகம் தெரியாது. எனக்காக அன்றைய பிழைப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

குனிந்து முடிச்சைப் பிடித்தேன். அவர் இழுத்த இழுப்பில் இறுகிவிட்டிருந்தது, நகம் உள்ளே போகவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். ஓரகத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக அவிழ்ந்தது.

"இப்போ இழுத்துப் பாருங்க" என்றேன்.

இரண்டு கம்பியும் வெண்ணெயில் இறங்குவதுபோல வந்தன. வண்டி உறுமியது. நாலு சக்கரமும் மணலைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மெதுவாக மேட்டில் ஏறி நின்றது. யாரும் தள்ளக்கூட இல்லை. கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன்: "மெக்கானிக் மேல தப்பு இல்ல. திரை பறக்குதுன்னு நான்தான் அந்தக் கம்பியில கட்டி வெச்சிருந்தேன்."

பிறகு சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு கோவளம் வரைக்கும் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். கட்டுமரக்காரரின் மனைவி எங்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். திரையை விலக்கிக் கயிற்றையும் கம்பியையும் பார்த்தாள். போய், வலையின் அடியில் கட்டும் ஈயக் குண்டு ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். "இத்த துணிக்கு அடியில வெச்சுத் தெச்சிடும்மா. எந்தக் காத்துக்கும் பறக்காது. கம்பி கிம்பியில கட்டாத" என்றாள். கூலியாக எதைக் கொடுத்தும் அவர்கள் வாங்கவில்லை. அரிசி மூட்டையை மட்டும் வற்புறுத்தி இறக்கி வைத்துவிட்டு வந்தோம். அம்மாவிடம் வெறுங்கையோடு போய் நின்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்து ஜீப்பை விடும்போது அவர் நடந்ததையெல்லாம் மெக்கானிக்கிடம் சொன்னார். நடுவில் ஓட்டை வண்டி என்று திட்டியதையும் மறைக்கவில்லை. "பட்டாளத்துல எத்தினியோ கோளாறு பாத்துகீறேன் பாய், இந்தக் கோளாறு மட்டும் பாத்ததில்ல" என்று சொல்லி மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

வீட்டுக்கு வந்ததும், "இன்னா சொல்ற? காரா, ஜீப்பா?" என்று கேட்டார்.

"ஜீப்பே வாங்குங்க" என்றேன்.

வாங்கினோம். ஈயக் குண்டு தைத்த திரை பல வருஷம் அதில் தொங்கியது. வருஷத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்த அம்மா வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போனேன். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, தோப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் குப்பத்தைத் தாண்டும்போதெல்லாம் நிறுத்தி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவோம். காரை வாங்கியிருந்தால் அது வாசலில்தான் நின்றிருக்கும், அவர் சொன்னதுதான் சரி.

மணலில் ஜீப் ஏறிய அழகைப் பார்த்துத்தான் நான் மனம் மாறினேன் என்று அவர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் தலையாட்டுவேன். திரையைக் கம்பியில் கட்டியதை எல்லாரிடமும் சொன்னேன், அதில் எனக்கு வெட்கமில்லை, யாரும் செய்யக்கூடிய தவறு. தெரிந்த பிறகும் பேசாமல் இருந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஓரகத்திக்குத் தெரியும், அவளும் வாயைத் திறந்ததில்லை. இதை என் வீட்டுக்காரர் படிப்பார், படிக்கட்டும். யாரோடாவது வாதாடி ஜெயிக்கப்போகிறேன் என்று தோன்றும்போதெல்லாம், முடிச்சு என் காலடியில் இருப்பது தெரிந்த பிறகும் அந்த மனிதர்களை நான் தள்ளவிட்ட அந்த மூன்று தடவையும் என் நினைவுக்கு வந்துவிடுகிறது.