தட்டில் நான்கு வெற்றிலை

என் பெரிய பேத்திக்கு ஆறு வயதில் சர்க்கரை வந்தது. பதினைந்தில் பார்வை மங்கத் தொடங்கியது. சர்க்கரை கண்ணைக் கெடுக்கும் என்பது செஞ்சி பஸ் நிலையத்தில் நிற்கிற யாருக்கும் தெரியும். ஆகவே அவள் தட்டில் சோற்றைக் குறைத்தோம். இட்லியை நானே எண்ணி வைப்பேன். பிறகு காதும் மந்தமானது. இருபத்திரண்டு வயதில்தான் புதுச்சேரியில் ஒரு டாக்டர், எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பிவிட்டு, இது சர்க்கரை செய்த வேலை இல்லை என்றார். சர்க்கரையையும் கண்ணையும் காதையும் கெடுத்தது ஒரே நோய்தானாம்.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதம் நீளச் சரடாகத்தான் உருவாகிறதாம். சரியாக மடிந்தால்தான் அது வேலைக்கு ஆகும். மடியாதவை குவிந்தால் செல் தனக்குத்தானே அபாய மணி அடித்துக்கொள்ளும்; புதிதாகச் செய்வதைக் குறைத்து, கெட்டதைச் சரிசெய்யப் பார்க்கும். கருவில் குழந்தை வளரும்போதும் இந்த மணி தேவைதான். ஆனால் அது அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் செல் தன்னையே மாய்த்துக்கொள்ளும். மணியை அடக்குகிற ஒரு புரதம் என் பேத்திக்குச் சரியாக அமையவில்லை. இன்சுலின் சுரக்கும் செல்கள் முதலில் போயின, அடுத்துக் கண் நரம்பு. மீட்க மருந்து இல்லை. நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்.

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் நோய் வரும் என்றார். எங்கள் வீட்டில் அது வர வழி இருந்தது. மறைந்த என் மனைவியின் தம்பிக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறோம். தாய்மாமன் இருக்கும்போது முன்பின் தெரியாத வீட்டில் பெண்ணைக் கொடுப்பானேன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதே வழக்கப்படி சின்னப் பேத்தியை என் மகனுக்கு என்று அவள் பிறந்த அன்றே பேசிவிட்டோம். அவர்களுக்கும் அதில் ஆசை. வைகாசியில் நிச்சயத் தட்டு மாற்ற நாள் பார்த்திருந்தோம். அதற்குள் சோதனை முடிவு வந்தது. இருவருக்கும் நோய் இல்லை. ஆனால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த அந்தக் குறை இருவரிடமும் இருக்கிறது.

எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள் என்றார் டாக்டர். கூடத்தில் உட்கார்ந்தோம். மருமகனையும் சேர்த்து ஆறு பேர்.

"எங்களுதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான் நைனா. சின்னவ நல்லாத்தான இருக்கிறா? டாக்டருங்க எதையாவது சொல்லி டென்ஷன் பண்ணுவாங்க," என்றாள் மகள்.

"கணக்கு இன்னான்னு நைனா சொல்லட்டும்க்கா. எண்ணலன்னா அவருக்குத் தூக்கம் வராது," என்றான் மகன். சின்னவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தது அதுதான் கடைசி.

சொன்னால் புரியாது என்று கூடத்தில் இருந்த வெற்றிலைத் தட்டிலிருந்து நான்கு வெற்றிலையை எடுத்துத் தரையில் பரப்பினேன். "இவங்களுக்குப் பொறக்குற ஒவ்வொரு கொழந்தைக்கும் இதான் கணக்கு. நாலுல மூணு பங்கு நோய் வராது. ஒரு பங்கு இப்படி," என்று ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

பெரியவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். காதில் கருவி மாட்டியிருந்தாள். கையை நீட்டி மூன்று இலைகளைத் தடவினாள். பிறகு தரையில் துழாவி நான்காவதை எடுத்தாள்.

"தாத்தா, இது நானா?"

"நோயைச் சொன்னேம்மா."

"நோய எடுத்துத் தனியா வெச்சிட்டா நான் எங்க இருக்கிறேன்? காட்டு தாத்தா."

மருமகன் எழுந்து வாசலுக்குப் போனார்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்," என்றாள் சின்னவள்.

"என்னாலயா?" என்றாள் அக்கா.

"உன்னாலதான். நாலு வேளையும் உனக்கு ஊசி போடறது நானு. ராத்திரி சுகர் எறங்கி நீ நடுங்கினா புடிச்சிக்கிறது நானு. எம்புள்ளைக்கும் அத என்னால செய்ய முடியாதுக்கா."

"நல்லாத்தான்டி போடற. அம்மா போட்டாதான் உசுரு போவுது," என்றாள் பெரியவள். யாரும் சிரிக்கவில்லை. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிரவில்லை. அன்று மாலையே அவன் சென்னை பஸ் ஏறிவிட்டான். பொங்கலுக்கும் வரவில்லை.

டாக்டர் சொன்னபடிதான் செய்தோம். கணக்கிலும் தவறில்லை, பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கே, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டேன் என்பதுதான் உறுத்துகிறது.

இப்போது பெரியவள் ஊசிக்குத் தங்கையைக் கூப்பிடுவதில்லை. இன்சுலின் பேனாவைத் திருப்பும்போது விரலில் படுகிற சொடுக்கை எண்ணித் தானே போட்டுக்கொள்கிறாள். பக்கத்தில் நின்று நானும் எண்ணுகிறேன். "தப்பா போவாது, போ தாத்தா," என்கிறாள். சின்னவள் சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். அக்கா சட்டையை இறக்கிவிடும்வரை நின்றுவிட்டு உள்ளே போகிறாள்.