சிரிச்சா வெறைக்கிற காலு

மக்கா, மூணு மாசத்துக்கு ஒரு வேலை மாத்திக்கிட்டுத் திரியுத ஒங்களுக்குத்தான் இதச் சொல்லுதேன். பி.காம பாதியில விட்டுட்டு ஓடியாந்தவன்னு என்னைய நக்கல் அடிக்கியள்ல, ஒங்கள்ல எவம்ல முழுசா முடிச்சது? இந்த நடக்க வைக்கிற வேலையில மொதப் பாடமே வாய மூடிட்டு நிக்கணுங்கிறதுதான். அதுலயும் நான் பெயிலு.

மும்பை செம்பூர்ல பிள்ளைங்களுக்கு நடை பழக்குத சென்டர் அது. பொறக்கும்போதே மூளையில அடிபட்டு, கை காலு சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைங்க வரும். டாக்டருங்க செரிப்ரல் பால்சிம்பாவ. நான் ஹெல்பர். மேட் விரிக்கணும், காலுல பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் மாட்டணும், பின்னாலயே நடந்து, விழுந்தா பிடிக்கணும். அம்புட்டுதான்.

சாக்ஸ்

இசக்கிக்கு ஏழு வயசு. தாராவிப் பிள்ளை. அவன் அம்மா பேச்சியக்காவுக்கு தோல் பை தைக்குத கார்கானாவுல வேலை. வாரத்துல மூணு நாளு வேலையப் பாதியில விட்டுட்டு, இவன இடுப்புல தூக்கிக்கிட்டு பஸ் ஏறி வருவாவ. அவனுக்குக் குதிகாலு தரையில படாது, நுனிக்காலுலயே நிப்பான். அத எறக்கத்தான் ஸ்பிளின்ட்டு.

அதுக்கு உள்ள போடுத சாக்ஸ ஒரு சுருக்கம் இல்லாம இழுத்து விடணும். நான் ஒரு நா காதுல போன வச்சுக்கிட்டு, கூட்டாளிட்ட கிரிக்கெட் கதை பேசிக்கிட்டே மாட்டிவிட்டேன். பய ஒரு மணி நேரம் நடந்தான், மூஞ்சியக்கூட சுழிக்கல. கழட்டிப் பாத்தா கணுக்காலுல தோலு உரிஞ்சு கெடக்கு. ஒரு வாரம் ஸ்பிளின்ட்டு போடக்கூடாதுன்னு ஆயிப்போச்சு. வலிச்சா சொல்ல வேண்டியதானலேன்னு அவன்கிட்டயே எகிறுனேன் பாத்துக்கிடுங்க. பேச்சியக்கா புண்ணத் தொடைச்சுக்கிட்டே மெதுவா சொன்னாவ: "நீ போன்ல பேசிட்டு இருந்தியாம் தம்பி. நடுவுல பேசுனா ஏசுவியோன்னு இருந்துட்டானாம்."

சயான் டு தாதர்

அந்த வெக்கத்த மறைக்கத்தான் அவன சிரிக்க வைக்க ஆரம்பிச்சேன். ரெண்டு பக்கமும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நடக்குத பாதை ஒண்ணு இருக்கு. அத ரயில்வே லைன் ஆக்கிட்டேன். இந்த முனை சயான், நடுவுல மாட்டுங்கா, அந்த முனை தாதர். மூக்கப் பிடிச்சுக்கிட்டு, லோக்கல் ரயில்ல அடுத்த ஸ்டேஷன் பேரு சொல்லுத அக்கா குரல்ல "அக்லா ஸ்டேஷன், மாட்டுங்கா"ம்பேன். பய விழுந்து விழுந்து சிரிப்பான். நெசமாவே விழுவான்.

இந்தப் பிள்ளைங்களுக்குப் பயம் வந்தாலும் ஒடம்பு வெறைக்கும், சந்தோசம் வந்தாலும் வெறைக்கும். இசக்கி சிரிச்சா ரெண்டு காலும் கட்டையாகி, கத்திரிக்கோலு மாதிரி பின்னிக்கிடும். தெரபிஸ்ட் மேடம் மராட்டிக்காரவ. உக்காந்திருக்கையில சிரிக்க வை, நடக்கையில வேண்டாம்னு நாலு தடவ தன்மையாச் சொன்னாவ. மத்த அம்மாமாரும் சேந்து சிரிக்காவல்லா, எனக்கு அது ஒரு போதை. விடல. அஞ்சாவது தடவ மேடம் கம்பிய ஒரு தட்டு தட்டுனாவ. நீ வாய மூடுனா அவன் நடப்பான்னு அர்த்தம், ஹிந்தியில இன்னும் சுருக்குன்னு இருந்துச்சு: "தூ சுப், தோ வோ சலேகா."

கதவு

இவனச் சேக்கணும்னு பேச்சியக்கா ஏறி எறங்காத ஸ்கூல் இல்ல. ஒரே ஒரு எடத்துல மட்டும் பாக்கலாம்னாவ. தூக்கிட்டுப் போக அங்க ஆளு கெடையாது, வாக்கரப் பிடிச்சுக்கிட்டு வாசல்லருந்து பெஞ்சு வரைக்கும் அவனா வரணும். பத்து ஸ்டெப்பு. அதப் பாக்க ஸ்கூல் டீச்சரே சென்டருக்கு வந்தாவ. அக்கா அன்னைக்கு முழு நாள் லீவு, இசக்கிக்குப் புதுச் சட்டை. மேடம் என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாவ.

கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் குதிகாலு தரையில படுது. அஞ்சு, ஆறு, ஏழு. உள்ள ஒருத்தர் மூச்சு விடல. அவன் நெத்தியில வேர்வை ஓடுது. அந்த அமைதி எனக்குத் தாங்கல மக்கா. தெம்பு குடுக்கேன்னு நெனச்சுக்கிட்டு, தலைய உள்ள விட்டு மூக்கப் பிடிச்சேன். "அக்லா ஸ்டேஷன், தாதர்."

இசக்கி சிரிச்சான். காலு பின்னிக்கிடுச்சு. மேடம் கைய நீட்டுததுக்குள்ள வாக்கரோட சாஞ்சுட்டான். கீழ கெடந்தும் சிரிப்பு நிக்கல. அடுத்த வருசம் பாப்போம்னு டீச்சர் எந்திரிச்சுப் போயிட்டாவ.

ஏம்ல சிரிச்சன்னு நான் கேட்டேன். இந்தத் தடவையும் அவன்கிட்டதான் கேட்டேன். பேச்சியக்கா அவன இடுப்புல ஏத்திக்கிட்டு, சட்டையில ஒட்டுன தூசியத் தட்டிவிட்டுட்டு என்னையப் பாத்தாவ: "சிரிச்ச பிள்ளைய ஏசாத தம்பி. ஏசணும்னா ஒன்னைய நான் ஏசணும், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஏழு ஸ்டெப்பு அவன் சரியாத்தான் வச்சான் மக்கா, அதுக்கு அடுத்ததுல கை படாமத் தள்ளிவிட்டவன் நாந்தான்.